கெம்பான் எதைச் சொமட்டினான்?

முதல்ல ஒரு சின்னப் பரீட்சை. பேனா எல்லாம் வேண்டாம், மனசுக்குள்ளயே எழுதிக்குங்க.

"கெம்பான் காலையில் திமுலத்தைச் சொமட்டினான். திமுலம் பெதுங்கவில்லை. ஆகவே அவன் பூந்தலியைக் குணட்டி, அதில் மூன்று வட்டகங்களை ஞெலுக்கினான். அதைக் கண்ட முறுவச்சி மிகவும் தெம்பித்தாள்."

கெம்பான் காலையில் எதைச் சொமட்டினான்?
அவன் ஏன் பூந்தலியைக் குணட்டினான்?
எத்தனை வட்டகங்களை ஞெலுக்கினான்?
அதைக் கண்டு தெம்பித்தவர் யார்?

நாலுக்கு நாலு வாங்கிட்டீங்கல்ல? வாழ்த்துகள். இப்ப கெம்பான் அப்படி என்னதான் பண்ணான்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க.

(எனக்கும் தெரியாது. பத்தியை எழுதினதே நான்தான். இருந்தும் தெரியாது.)

இதை எழுத வெச்ச கடுப்பு என்னன்னு சொல்லிடறேன். எங்க தெருவுல ஒரு அம்மா, மகளோட தமிழ் விடைத்தாளைத் தூக்கிட்டு வந்தாங்க. உரைப்பத்திக் கேள்வில முழு மார்க்கு. "பாத்தியா கண்ணு, ஒரு மார்க்கு கூடப் போகல"ன்னு ஒரே பூரிப்பு. நானும் சந்தோஷமா, "பாப்பா, அந்தப் பத்தி எதைப் பத்தி இருந்துச்சு?"ன்னு கேட்டேன். பாப்பா மேல பாத்துச்சு, கீழ பாத்துச்சு. "அதை நான் படிக்கலீங்க்கா. கேள்வியை மட்டுந்தான் படிச்சேன்"னுச்சு.

நேர்மையான புள்ளை.

வித்தையையும் அதே விளக்குச்சு. கேள்வில இருக்கற பெரிய வார்த்தையைப் பிடிக்கணும். பத்தில அது எங்க இருக்குன்னு தேடணும். அந்த வரியை அப்படியே இறக்கணும். "ஏன்"னு கேட்டா அதுக்கு முந்தின வரி. "எத்தனை"ன்னா நம்பர். டியூஷன்ல சொல்லிக் குடுத்தாங்களாம்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம எழுதினதுதான் கெம்பான். மறுநாள் சாயந்திரம் எங்க மொட்டை மாடிக்கு வர்ற பசங்ககிட்ட குடுத்தேன். ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் எல்லாரும் முழு மார்க்கு. "அக்கா, இது என்ன பாஷை?"ன்னு ஒரு ஜீவன் கேக்கல. அவங்க கேக்காததுதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

தமிழ்ல இது ரொம்பவே சுலபம். 'ஐ' ஒட்டியிருந்தா அதுதான் 'எதை'. 'ஆன்'னு முடிஞ்சா ஆம்பளை, 'ஆள்'னு முடிஞ்சா பொம்பளை. 'ஆகவே' வந்தா காரணம் முந்தின வரில குத்த வெச்சிருக்கும். இலக்கணம் தெரிஞ்சாப் போதும், விஷயம் தெரியவே வேண்டாம்.

அப்பறம் அஞ்சாவதா ஒரு கேள்வி போட்டேன். "முறுவச்சி தெம்பித்தது சந்தோஷத்திலா, பயத்திலா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

மாடியே அமைதியாயிடுச்சு. சேலம் ஜங்ஷனுக்குள்ள நுழையற வண்டியோட ஹாரன் மட்டுந்தான் கேட்டுச்சு. (சூரமங்கலத்துல குடியிருந்தா அதுக்குத் தனியா கடிகாரம் தேவையில்லை. எங்க தெருப் பாட்டிங்க கோவை வண்டியைக் கேட்டுத்தான் உலை வெக்கறாங்க.)

நான் யாருன்னு புதுசா வர்றவங்களுக்கு. 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப தன்னார்வலராப் பேரு குடுத்தேன். கொரோனால ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததுல ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் விட்டுப்போனதைச் சாயந்திரம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் உக்கார வெச்சு சரி பண்ற வேலை. அப்ப மாசம் 1,000 ரூபா. அந்தக் காசுல சார்ட்டும் ஸ்கெட்ச்சும் வாங்கினது போக மிச்சம் தட்டுவடை செட்டுக்குப் போயிடும். பசங்க வர்றதே அதுக்குத்தான்னு எனக்கு ஒரு சந்தேகம். பழைய சூரமங்கலத்துப் பசங்க. ரயில்வேல வேலை பாக்கறவங்க வீட்டுப் புள்ளைங்க உண்டு, உழவர் சந்தைல கடை போடறவங்க வீட்டுப் புள்ளைங்க உண்டு, கொலுசுப் பட்டறைக்குப் போறவங்க புள்ளைங்க நிறைய.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

வாசிச்சுப் புரிஞ்சுக்கறதை ஒத்தைல சொல்லிக் குடுக்க முடியாதுங்கறது என் கட்சி. நாலு பேர் ஒரே பத்தியைப் படிச்சு, நாலு விதமாப் புரிஞ்சு, "நீ சொல்றது அதுல எங்க இருக்கு, காட்டு"ன்னு சண்டை போடும்போதுதான் அது நடக்குது. அந்த 'காட்டு'ங்கற வார்த்தை வந்துட்டா அன்னிக்குப் பாடம் முடிஞ்ச மாதிரி. அது வரலைன்னா வட்டமா உக்காந்தாலும் சரி, சதுரமா உக்காந்தாலும் சரி, ஒண்ணும் நடக்கல.

ஏன் இதுல இவ்வளவு சூடாகறேன்னா, நம்ம பக்கத்துப் பெருமை அப்படி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. ஒரு காலத்துல ரிசல்ட்டு வர்ற அன்னிக்கு பேப்பர்ல பாதிப் பக்கம் நம்ம ஊர் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்கதான். கோழிப்பண்ணை ஊருங்கறதால 'பிராய்லர் பள்ளி'ன்னு பட்டப்பேரே வெச்சாங்க. பதினொண்ணாவது பாடத்தை ஓரங்கட்டிட்டு ரெண்டு வருஷமும் பன்னெண்டாவதையே ஓட்டறாங்கன்னு புகார் வந்து வந்து, 2017ல ரேங்க் அறிவிக்கறதை நிறுத்தினாங்க, 2017-18ல பதினொண்ணாவதுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தாங்க. அடுத்த வருஷம் புதுப் புத்தகங்களும் வர ஆரம்பிச்சுச்சு. நல்ல புத்தகங்கதான், யோசிக்க வெக்கற கேள்வியும் இருக்கு. நம்மாளுங்க அந்த யோசிக்க வெக்கற கேள்விக்கும் ஒரு பதிலைத் தயார் பண்ணி மனப்பாடம் பண்ண வெச்சுட்டாங்க. ("உன் சொந்தக் கருத்து என்ன?" விடை: பக்கம் 43.)

அதுக்கு முன்னாடியே ஒரு மணி அடிச்சுச்சு. பிசான்னு ஒரு சர்வதேசத் தேர்வு, 15 வயசுப் புள்ளைங்களுக்கு. படிச்சதை வெச்சு யோசிக்கத் தெரியுமான்னு பாக்கறது. இந்தியா சார்பா தமிழ்நாடும் இமாச்சலமும் கலந்துக்கிட்டுது. 2011 கடைசில முடிவு வந்துச்சு. வாசிப்புல 74 இடங்கள்ல கிர்கிஸ்தானுக்கு மட்டும் மேல. அதுல அடிப்படை அளவைத் தொட்ட தமிழ்நாட்டுப் புள்ளைங்க 17 சதவீதம். அடுத்தடுத்த பிசாவுல இந்தியா கலந்துக்கல. பிரச்சனை தீர்ந்துச்சு பாருங்க.

ஆனா நம்மகிட்ட வழி இல்லாம இல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003 வாக்குல எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ஆந்திராவுல ரிஷிவேலிக்காரங்க கிராமத்துப் பள்ளிகள்ல பண்ணிட்டிருந்ததைப் பாத்து எடுத்தது. 2007-08ல மாநிலம் முழுக்க வந்துச்சு. ஏணி, அட்டை, தரைல உக்கார்றது, புள்ளைங்க கைக்கு எட்டற உயரத்துல கரும்பலகை. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது குழுப் பிரிச்ச விதம். ஆசிரியர் முழுசா உதவற குழு, பாதி உதவற குழு, கூடப் படிக்கற புள்ளை முழுசா உதவற குழு, அதே பாதி உதவற குழு, தானாவே படிக்கற குழு, கடைசில மதிப்பீடு. பாருங்க, 'பக்கத்துப் புள்ளைகிட்டக் கேளு'ங்கறதை அரசாங்கமே சட்டமாக்கின காலம் அது! நாங்க படிக்கும்போது பக்கத்துல திரும்பினா ஸ்கேல் பறக்கும்.

ஆறுல இருந்து எட்டுக்கு படைப்பாற்றல் கல்வின்னு தனியா வந்துச்சு. பாடத்தைப் படி, தெரியாத வார்த்தையை அடிக்கோடு போடு, நீயா ஒரு மனவரைபடம் போடு, அப்பறம் குழுவுல எல்லாரோட வரைபடத்தையும் சேத்து ஒண்ணாக்கு, தொகுத்து எழுது, எல்லார் முன்னாடியும் சொல்லு. தாள்ல பாத்தா அற்புதம். நடுவுல இருக்கற 'சேத்து ஒண்ணாக்கு'ங்கறதுலதான் உயிரே இருக்கு. என் வரைபடத்துல நடுவுல 'மழை'ன்னு இருக்கு, உன்னுதுல 'விவசாயி'ன்னு இருக்கு, எது நடுவுல வரணும்னு அடிச்சுக்கணும். நான் பாத்த வரைக்கும் பல எடத்துல நடந்தது என்னன்னா, கையெழுத்து அழகா இருக்கற புள்ளை சார்ட்டை எடுத்துக்கும், ஸ்கெட்ச்ல பூ போடும், மத்ததுங்க மூடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சார்ட்டு சுவத்துல ஏறிடும். யாராவது பாக்க வந்தா சுவரைத்தானே பாப்பாங்க.

ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பைப் பாக்கற பள்ளிக்கூடத்துல வேற என்ன பண்ணுவாங்கன்னும் கேக்கணும். அதையும் நான் கேக்கறேன். திட்டம் போட்டவங்க கேட்டாங்களான்னு தெரியல.

எங்க மாடிலயும் இதேதான் ஓடுச்சு. குழுவாப் பிரிச்சேன். ஒவ்வொரு குழுவுலயும் எட்டாவது ஒண்ணு எல்லாத்தையும் எழுதும், ஆறாவதுங்க வேடிக்கை பாக்கும். அதுக்கு ரெண்டு சட்டம் போட்டேன். பேனா எப்பவும் குழுவுல சின்ன வகுப்புப் புள்ளை கைல. பதில் சொன்னவங்க எழுதக்கூடாது. அவ்வளவுதான். பெருசுங்க இப்ப சின்னதுக்குப் புரியற வரைக்கும் விளக்கியே ஆகணும், இல்லைன்னா தாள்ல எதுவும் ஏறாது. சின்னதுங்களுக்கு திடீர்னு ஒரு கெத்து வந்துச்சு. "புரியலண்ணா, எழுத மாட்டேன்"னு ஒரு பாப்பா பேனாவை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் பேரம் பேசுச்சு.

குழுவுக்கு நாலு பேர். அஞ்சாச்சுன்னா ஒண்ணு தூங்கும்.

அப்பறம் அமெரிக்காவுல பாலின்சார், பிரவுன்னு ரெண்டு பேர் 1984ல எழுதின முறை ஒண்ணு இருக்கு. எழுத்துக் கூட்டிச் சரளமாப் படிக்கும், ஆனா ஒண்ணும் புரியாதுங்கற ஏழாவது வகுப்புப் புள்ளைங்களை வெச்சுப் பண்ணது. (நம்ம பாப்பாவை நினைச்சுக்குங்க.) நாலு வேலை. அடுத்து என்ன வரும்னு ஊகிக்கறது, கேள்வி கேக்கறது, புரியாததைத் தெளிவாக்கறது, சுருக்கிச் சொல்றது. டீச்சர் பண்ற இந்த நாலையும் புள்ளைங்க மாத்தி மாத்திப் பண்ணணும். எங்க மாடில இதுக்கு வேற பேரு. ஜோசியர், கேள்வி, டவுட்டு, சுருக்கு.

ஜோசியர் வேலைக்கு அடிதடி. 'தேன்சிட்டு'ல இருந்து ஒரு கட்டுரையை எடுத்து (பள்ளிக் கல்வித்துறை பசங்களுக்குப் போடற இதழ், நல்லா இருக்கும், கிடைச்சா நீங்களும் படிங்க) ஒரு பத்தி முடிஞ்சதும் நிறுத்துவோம். ஜோசியர் கண்ணை மூடிட்டு அடுத்த பத்தியைச் சொல்லணும். முதல்ல வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டாங்க, எல்லாக் கட்டுரைலயும் பேய் வந்துச்சு. அப்பறம் 'எந்த வரியை வெச்சுச் சொல்றே'ன்னு கேக்கற உரிமையை டவுட்டுக்குக் குடுத்தேன். பேய் குறைஞ்சுச்சு. சுருக்குதான் பெரிய தலைவலி. சுருக்கிச் சொல்லுன்னா முழுசாத் திருப்பிச் சொல்றாங்க. ஒரே மூச்சுல சொல்லி முடிக்கணும்னு ஒரு விதி வெச்சேன். ஒரு பையன் நெஞ்சு புடைக்க மூச்சை இழுத்துக்கிட்டு ஒரு பக்கத்தையும் எக்ஸ்பிரஸ் வேகத்துல ஒப்பிச்சுட்டு கண்ணு சிவந்து உக்காந்தான். அவனுக்கு மட்டும் அரை மூச்சு.

இதெல்லாம் பழக்கம் ஆகறதுக்கு நல்லது. ஆனா நெசமான சண்டை இதுல வராது. எல்லார் கைலயும் ஒரே தாள் இருக்கறப்ப, 'அவன் படிச்சுச் சொல்லுவான்'னு மத்தவன் சாஞ்சுக்கறான்.

அதுக்கு வேற ஒருத்தர் வழி சொன்னார். எலியட் அரான்சன்னு ஒரு சமூக உளவியல் பேராசிரியர். 1971ல டெக்சஸ்ல ஆஸ்டின் ஊர்ப் பள்ளிகள்ல வெள்ளைக்காரப் புள்ளைங்க, கறுப்பினப் புள்ளைங்க, மெக்சிகோ வழிப் புள்ளைங்கன்னு எல்லாரையும் ஒரே வகுப்புல சேத்ததும் ஒரே கைகலப்பு. இவரைக் கூப்பிட்டாங்க. இவர் அறிவுரை சொல்லல. பாடத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் குடுத்தார். ஒரே துண்டு வெச்சிருக்கற புள்ளைங்க முதல்ல ஒண்ணாக் கூடி அதை நல்லா அலசணும், அப்பறம் தன் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக் குடுக்கணும். எனக்கு ஆகாத பையன் கைல இருக்கற துண்டு எனக்கு வேணும், இல்லாட்டி பாஸ் ஆக முடியாது. வேற வழியில்லாம அவன் பேசறதைக் காது குடுத்துக் கேட்டாங்க. ஜிக்சான்னு பேரு.

நம்ம ஊர் வகுப்பறைல யார் பக்கத்துல யார் உக்கார்றாங்க, யார் தட்டை யார் தொடறதில்லைன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்த முறையோட அருமை புரியும். அதை இன்னொரு நாள் எழுதறேன், அது தனிக் கடுப்பு.

துண்டு வெட்ட எனக்குக் கிடைச்ச கதை கோவலன் கொலை.

சிலப்பதிகாரம்னு சொன்னதும் "ஐயோ மனப்பாடப் பாட்டு"ன்னு ஓடப் பாத்தாங்க. பாட்டே கிடையாது, கேஸு மட்டுந்தான்னு சமாதானம் பண்ணேன். இளங்கோ எழுதின கதையை எனக்குத் தெரிஞ்ச நடைல துண்டுச் சீட்டா எழுதினேன். ஒவ்வொரு சீட்டுலயும் அந்த ஆளுக்கு அந்த நேரத்துல என்ன தெரியுமோ அது மட்டும்.

பாண்டியன் சீட்டு: ராணி ஊடல்ல இருக்காங்க, சமாதானம் பண்ணப் போய்ட்டிருக்கே. ராணியோட முத்துப் பரல் சிலம்பு ஒண்ணு காணாமப் போயிருக்கு. அரண்மனைப் பொற்கொல்லன் குறுக்க வந்து, திருடன் சிலம்போட என் குடிசைல இருக்கான்னு சொல்றான்.

பொற்கொல்லன் சீட்டு: ராணி சிலம்பை எடுத்தது நீதான். மாட்டிக்குவோமோன்னு பயம். உன் பின்னாடி நூறு கொல்லர்கள் வர நீ தெருவுல போறப்ப, வெளியூர்க்காரன் ஒருத்தன் அதே மாதிரி சிலம்பு ஒண்ணை விக்க வர்றான்.

கோவலன் சீட்டு: எல்லாம் தொலைச்சுட்டுப் புகார்ல இருந்து வந்திருக்கே. மதுரைக்கு நீ புதுசு. கைல இருக்கறது பொண்டாட்டி குடுத்த சிலம்பு.

காவலாளி சீட்டு: திருடன்னு காட்டின ஆளைப் பாத்தா திருடன் மாதிரி தெரியல. பொற்கொல்லன் திருடங்களோட தந்திரத்தைப் பத்தி நீட்டி முழக்கறான்.

கண்ணகி சீட்டு: உன் சிலம்புக்குள்ள இருக்கறது மாணிக்கப் பரல்.

விதி ஒண்ணே ஒண்ணு. சீட்டைக் காட்டக் கூடாது, வாயால மட்டுந்தான் சொல்லணும்.

முதல் சுத்துல ஒரே சீட்டுக்காரங்க ஒண்ணாக் கூடினாங்க. பாண்டியன் குழுகிட்டப் போய், "மகாராஜாக்களே, என்ன தீர்ப்பு?"ன்னு கேட்டேன். "வெட்டிரலாங்க்கா." யோசிக்கவே இல்லை. சிலம்பு காணோம், சிலம்போட ஒருத்தன் சிக்கியிருக்கான், சொல்றது நம்ம ஆளு. வேற என்ன வேணும்? வருஷா வருஷம் பட்டிமன்றத்துல பாண்டியனைத் திட்டற நம்மளும் அந்தச் சீட்டு மட்டும் கைல இருந்தா அதையேதான் சொல்லியிருப்போம்.

ரெண்டாவது சுத்து. ஒவ்வொரு சீட்டுக்கு ஒருத்தர் வீதம் கலந்து புதுக் குழு. (இங்க மட்டும் அஞ்சு பேர். யாரும் தூங்கல.) கேள்வி: இந்தக் கொலையை எந்த எடத்துல, யாரு நிறுத்தியிருக்கலாம்?

அப்ப வந்துச்சு பாருங்க சத்தம். கீழ் வீட்டுக்காரர் மாடிப்படில பாதி ஏறி வந்து என்னன்னு பாத்துட்டுப் போனார். பாண்டியன் பையன் கண்ணகி பாப்பாவைப் பாத்து, "மாணிக்கம்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"ங்கறான். "என்னை யாரு கேட்டா?"ங்குது அது. "ராணியைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலே போதுமே"ன்னு கோவலன். "ராணி கோவத்துல இருக்காங்கல்ல, போய் நின்னா என்னைத்தான் வெட்டுவாங்க"ன்னு பாண்டியன். காவலாளி ஒருத்தன் பாவம், "எனக்கு டவுட்டு இருந்துச்சு, ஆனா சொல்ல முடியல, அவரு பெரிய ஆளு"ன்னு கிட்டத்தட்ட அழுதுட்டான். டவுட்டு வந்தும் வாயைத் திறக்காதவன் மேல எவ்வளவு தப்புன்னு அரை மணி நேரம் போச்சு. நான் ஒரு வார்த்தை பேசல. பேசாம இருக்கறதுதான் இந்த வேலைல ரொம்பக் கஷ்டம், வாய் ஊறும்.

நடுவுல ஒரு பையன். ஏழாவது. அப்பா கொலுசுப் பட்டறைல, அம்மா வீட்டுலயே கொலுசுக்குச் சலங்கை கோக்கறாங்க. இவன் சத்தமா வாசிக்கச் சொன்னா எழுத்து எழுத்தாத்தான் வருவான். கொரோனா சமயத்துல மூணாவது, நாலாவது ரெண்டும் போன புள்ளை. எப்பவும் கடைசில உக்காருவான். அன்னிக்கு எந்திரிச்சு, "குலுக்கிப் பாத்தாத் தெரிஞ்சிருக்குமேக்கா"ன்னான்.

"என்னடா தெரியும்?"

"உள்ள முத்து போட்டா ஒரு சத்தம், கல்லு போட்டா ஒரு சத்தம். எங்கப்பா கண்ணை மூடிட்டே சொல்லிருவாரு. அந்தப் பொற்கொல்லன் கைல வாங்கினதுமே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், ரெண்டும் வேற வேறன்னு. தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான்."

மறுநாள் ரெண்டு தீப்பெட்டி கொண்டு வந்தான். ஒண்ணுல ஜவ்வரிசி, ஒண்ணுல பொடிக்கல்லு. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிட்டுக் குலுக்கிக் காட்டினான். (முத்துக்கு ஜவ்வரிசி. சேலத்துப் புள்ளை வேற எதைத் தேடும்?)

இதைப் பத்தி ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1988ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர். ஏழாவது, எட்டாவது புள்ளைங்ககிட்ட ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கக் குடுத்தாங்க. வாசிப்புல மட்டம்னு பேரெடுத்த, ஆனா பேஸ்பால் தெரிஞ்ச புள்ளைங்க, நல்லா வாசிக்கற ஆனா ஆட்டம் தெரியாத புள்ளைங்களைவிட நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. புரியறதுல பாதி தாள்ல இருக்கு, பாதி வீட்டுல இருந்து கொண்டு வர்றது. அதனாலதான் குழுவுல பட்டறை வீட்டுப் புள்ளையும் வேணும், சந்தைக் கடை வீட்டுப் புள்ளையும் வேணும், ரயில்வே குவார்ட்டர்ஸ் புள்ளையும் வேணும். ஒரே மாதிரி மார்க்கு வாங்கற புள்ளைங்களை 'ஏ செக்‌ஷன்'னு ஒரே ரூம்ல அடைச்சு வெக்கறவங்க இதை யோசிக்கணும்.

இன்னொரு நாள் கதையே வேண்டாம்னு வாட்ஸ்ஆப்ல வந்ததை எடுத்தோம். மழைக்காலம். "கனமழை காரணமாக சேலம் மாவட்டத்தில் நாளை அனைத்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை. மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு. அனைவருக்கும் பகிரவும்." இதை நம்பணும்னு மனசார ஆசைப்படற ஒரு கூட்டத்துகிட்ட, இது நெசமான்னு நிரூபிக்கச் சொன்னேன். கொடுமைதான்.

முதல்ல எல்லாரும் நெசம்னாங்க. காரணம்: இருட்டிக்கிட்டு வருது. அப்பறம் பேனாவை ஒளிச்சு வெக்கற அந்தப் பாப்பாதான் ஆரம்பிச்சுச்சு. "நாளைன்னா எந்த நாளைக்கா?" தேதி இல்லை. போன வருஷம் அனுப்பினதா இருந்தாலும் இதே 'நாளை'தான். அடுத்தவன், "பகிரவும்னு கலெக்டர் எதுக்கு சொல்றாரு?"ன்னான். மூணாவது ஒருத்தன், "டிவில பள்ளி கல்லூரின்னு ரெண்டையும் சொல்லுவாங்க, இதுல கல்லூரியைப் பத்திப் பேச்சே இல்லை"ன்னான். அலசி முடிச்சு, பொய்யின்னு அவங்களே தீர்ப்பு எழுதினாங்க. எழுதிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க.

(மறுநாள் நெசமாவே லீவு விட்டாங்க. என்னைப் பாத்து ஒரு வாரம் சிரிச்சானுங்க. அந்த மெசேஜ் பொய், லீவு நெசம், ரெண்டும் வேறன்னு நான் சொன்னதை ஒருத்தனும் காதுல வாங்கல.)

இதுக்கு நடுவுல ஒரு அம்மா வந்து கேட்டாங்க. "ஏனுங்க, புள்ளைங்க கத்திக்கிட்டே இருக்குதுங்க, நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க. எழுத்தே கூட்டத் தெரியாத பையனை வெச்சுக்கிட்டு சிலப்பதிகாரம் கேக்குதாக்கும்?" நியாயமான கேள்வி. 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததே இதுக்குத்தான். அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு, எட்டு வயசுக்குள்ள எழுத்தும் கணக்கும் வந்துடணும்னு. அது கட்டாயம் வேணும், அதுல எனக்கு மறுப்பே இல்லை. ஆனா 'முதல்ல எழுத்து வரட்டும், அப்பறம் யோசிக்கலாம்'னு ஒரு புள்ளையை வரிசைல நிக்க வெச்சா அது யோசிக்கறதுக்கு முன்னாடி எட்டாவது முடிஞ்சிரும். வாசிக்கத் தெரிஞ்ச புள்ளை பக்கத்துல உக்காந்து சீட்டைக் காதோரம் படிச்சுக் காட்டட்டும். அவன் யோசிக்கட்டும். யோசிச்சதை நிரூபிக்க வேண்டி வந்தா அவனே தாளைத் தேடுவான்.

தேடறான் அந்தக் கொலுசுப் பட்டறைப் பையன். உரைநடைல வந்த சிலப்பதிகாரக் கதைப் புத்தகம் ஒண்ணை என்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போயிருக்கான். விரலை வெச்சு எழுத்து எழுத்தா ஊர்ந்துக்கிட்டிருக்கான். எதுக்குடான்னு கேட்டேன். "பின்னாடி நூறு பேர் வர்றாங்கன்னா அவரு பெரிய பட்டறை ஓனருக்கா. அவ்வளவு பெரிய ஆளு ஒத்தைச் சிலம்பை எதுக்குத் திருடணும்? அரண்மனைல கூலி பாக்கி வெச்சிருப்பாங்க. அதுல எங்கயாவது போட்டிருக்கும்"ங்கறான்.

எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் அதுல இல்லை. நான் இன்னும் சொல்லல.